அமெரிக்க நீர்வண்ண நிலக்காட்சிகள்: கண்காட்சிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாஸ்டன், புரூக்ளின், பிலடெல்பியா, சிகாகோ என்று எந்த ஊர் அருங்காட்சியகத்தில் நீர்வண்ணக் கண்காட்சி போட்டாலும், வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க, கேள்விகளுக்கு எண் போட்டிருக்கிறோம்.

1. வாட்டர்கலர்னா ஸ்கூல்ல நாம அடிச்சதுதானே? அதுக்கு ஏன் தனியா ஒரு கண்காட்சி?

பொருள் அதேதான். பொடித்த நிறமி, அதைத் தாளில் ஒட்டவைக்கக் கோந்து, கரைக்கத் தண்ணீர். வித்தியாசம் வேலை செய்யும் முறையில் இருக்கிறது. தைல வண்ணத்தில் தப்பு வந்தால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். நீர்வண்ணத்தில் பூச்சு கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது. அடியில் இருப்பது எல்லாம் மேலே தெரியும். வெளிச்சமான இடம் வேண்டுமென்றால் அங்கே வண்ணம் போகாமல் முதலிலேயே தாளை விட்டுவைக்க வேண்டும். அதாவது, படத்தின் மிக வெளிச்சமான இடம் எது என்பதை முதல் துளி வண்ணம் விழும் முன்பே ஓவியர் தீர்மானித்திருக்க வேண்டும்.

தனிக் கண்காட்சிக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்தப் படங்களைத் தைல ஓவியங்களோடு ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில் மாட்ட முடியாது. (3-ஆம் கேள்வியைப் பார்க்கவும்.)

2. இது இங்கிலாந்துக்காரங்க கலை இல்லையா? அமெரிக்காவுக்கு என்ன சம்பந்தம்?

தொடக்கம் இங்கிலாந்துதான். வண்ணம், தாள், பாணி எல்லாமே அங்கிருந்து வந்தன. 'வாட்மன்' என்ற நீரெழுத்து பதிந்த ஆங்கிலேயத் தாளில்தான் அமெரிக்கர்கள் பலரும் வரைந்தார்கள். 1866-இல் நியூயார்க்கில் நீர்வண்ண ஓவியர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது. இன்று அமெரிக்கன் வாட்டர்கலர் சொசைட்டி என்று பெயர். ஆண்டுதோறும் அவர்கள் நடத்திய கண்காட்சிகள்தான், பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட இந்த வேலையைச் சுவரில் மாட்டி விற்கும் நிலைக்குக் கொண்டுவந்தன. அதுவரை முழுநேர ஓவியர்களுக்கு இது முன்வரைவுக்கும் பத்திரிகைச் சித்திரத்துக்கும் உதவும் சாமானாகத்தான் இருந்தது.

வின்ஸ்லோ ஹோமர் (1836–1910) 1873 கோடையில் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்தில் இதைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். பிறகு அடிரான்டாக் காடுகள், கியூபெக், பஹாமாஸ், புளோரிடா, பெர்முடா என்று தூண்டிலும் வண்ணப்பெட்டியுமாகப் போன இடமெல்லாம் வரைந்தார். பரந்த நாடு, கையில் அடங்கும் பெட்டி, அரை மணியில் காயும் வண்ணம்: நிலக்காட்சிக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. 2017-இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் நடத்திய பெரிய கண்காட்சி, ஹோமரையும் ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டையும் நடுவில் வைத்து இந்த வரலாற்றைத்தான் சொன்னது.

3. ஹால் ஏன் இப்படி இருட்டா இருக்கு? கரண்ட் மிச்சம் பண்றாங்களா?

தாளில் உள்ள படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வழக்கமான உச்சவரம்பு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). தைல ஓவியத்துக்கு 150 முதல் 200 வரை தாங்கும். நீர்வண்ணப் பூச்சு மிக மெல்லியது. நிறமித் துகள்கள் தாளின் மேல் ஏறக்குறைய அம்மணமாகக் கிடக்கின்றன. ஒளி பட்டால் சில நிறங்கள் வெளிறும்; வெளிறியதைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சிகிச்சையும் இல்லை.

சேதம் ஒரு பெருக்கல் கணக்கு: பிரகாசம் × நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 90 நாள், 50 லக்ஸ் என்றால் மொத்தம் 36,000 லக்ஸ்-மணி. உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஆக, மூன்று மாதக் கண்காட்சி முழுவதும் படம் வாங்கும் ஒளியை நேர்வெயில் 22 நிமிடத்தில் கொடுத்துவிடும். ஜன்னல் அடைத்திருப்பதும், விளக்குகளில் புறஊதாக் கதிரை வடிகட்டும் தாள் போட்டிருப்பதும் இதனால்தான்.

4. அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலைங்கறாங்க. என்ன பண்றது?

வெயிலிலிருந்தோ பளிச்சென்ற கூடத்திலிருந்தோ நேராக உள்ளே போனால் யாருக்குமே தெரியாது. வாசலிலோ அறிமுகப் பலகை இருக்கும் முதல் அறையிலோ ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். வயதானவர்களுக்குக் கண் பழக இன்னும் நேரம் பிடிக்கும். ஃபோன் திரையை நடுவில் பார்த்தால் பழகின கண் மறுபடி கெட்டுவிடும்.

பெரிய எழுத்தில் அச்சடித்த விளக்கக் கையேடு நுழைவாயிலில் பல இடங்களில் கிடைக்கும், கேட்டால்தான் தருவார்கள். ஃபோன் டார்ச்சை மட்டும் அடிக்க வேண்டாம். காவலர் உடனே வந்துவிடுவார்.

5. ஃப்ளாஷ் போடாம போட்டோ எடுக்கலாமா?

அருங்காட்சியகத்தின் சொந்தப் படங்கள் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். இரவல் வாங்கி வந்த படங்களின் பக்கத்தில் கேமராவில் கோடு போட்ட குறி இருக்கும்; அது உரிமையாளர் போட்ட நிபந்தனை. உண்மையில் ஒரு ஃப்ளாஷ் மின்னல் தரும் ஒளி மிகச் சிறியது. தடைக்குப் பெரிய காரணம் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆகும் தொந்தரவு. ஃப்ளாஷ் போட்டாலும் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும்.

6. போன தடவை வந்தப்ப இங்கதான் மாட்டியிருந்தாங்க. இப்போ காணோம். வித்துட்டாங்களா?

இல்லை, உள்ளே ஓய்வில் இருக்கும். மூன்று, நான்கு மாதம் வெளியே இருந்த நீர்வண்ணத்தை அடுத்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இருட்டுப் பெட்டியில் வைப்பது பொதுவான நடைமுறை. 3-ஆம் பதிலில் உள்ள கணக்குதான் அதற்கும் காரணம். அதனால் "இந்த அருங்காட்சியகத்தில் இந்தப் படம் இருக்கிறது" என்று படித்ததை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். இணையதளத்தின் சேகரிப்புப் பக்கத்தில் படத்தைத் தேடினால், இப்போது காட்சியில் இருக்கிறதா இல்லையா என்று போட்டிருப்பார்கள்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் அச்சுப்படம், வரைபடம் போன்ற தாள் படைப்புகளுக்கென்று படிப்பறை இருக்கிறது. முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பி, பார்க்க வேண்டிய படங்களின் பதிவெண்களைக் கொடுத்து நாள் கேட்கலாம். கண்காட்சிக்கு இரவல் போயிருப்பதும் பழுதுபார்ப்பில் இருப்பதும் கிடைக்காது. மற்றவை மேசைமேல் வரும், பெரும்பாலும் கண்ணாடி இல்லாமல். இதற்கு ஆராய்ச்சியாளராக இருக்கத் தேவையில்லை. கூட்ட நெரிசலில் ஐம்பது படம் பார்ப்பதைவிட இப்படி ஐந்து படம் பார்ப்பது மேல்.

7. பக்கத்துல ஒட்டியிருக்கிற கார்டுல எதைப் படிக்கணும்? எல்லாத்தையும் படிச்சா நேரம் போயிடுது.

பெயர், தலைப்புக்குக் கீழே 'எதனால் செய்தது' என்று ஒரு வரி இருக்கும். அதை முதலில் படியுங்கள். வெறும் நீர்வண்ணம் என்று இருந்தால் ஒரு கதை. "கிராஃபைட்டின் (பென்சில்) மேல் நீர்வண்ணம், ஒளிபுகா வண்ணத் தீற்றல், சுரண்டல்" என்று இருந்தால் அந்தப் படத்தில் எங்கே சுரண்டியிருக்கிறார் என்று தேட ஒரு வேலை கிடைத்துவிட்டது. விளக்கப் பத்தியைக் கடைசியில் படிக்கலாம், படிக்காமலும் விடலாம்.

அடியில் இருக்கும் எண்ணும் பேசும். புரூக்ளின் அருங்காட்சியகத்தின் சார்ஜென்ட் படங்கள் பலவற்றின் பதிவெண் 09 என்று தொடங்கும்: 1909-இல் வாங்கியவை. அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஒரே கண்காட்சியிலிருந்து 83 நீர்வண்ணங்களை மொத்தமாக வாங்கினார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1912-இல் 45 வாங்கியது. அதே புரூக்ளின்தான் 1923-இல் எட்வர்ட் ஹாப்பர் கிளாஸ்டரில் வரைந்த வீட்டுப் படம் ஒன்றை 100 டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஹாப்பரின் ஓவியம் எதுவும் விலைபோகவில்லை.

8. பென்சில் கோடு அப்படியே தெரியுதே. பாதியில விட்ட படமா?

இல்லை. 1-ஆம் பதிலில் சொன்னபடி பூச்சு ஒளி ஊடுருவுவது. அடியில் போட்ட கோடு தெரியத்தான் செய்யும். வண்ணம் காய்ந்த பிறகு அதன் அடியில் மாட்டிய கோட்டை அழிப்பதும் கடினம். கோட்டை வண்ணம் எவ்வளவு மதித்திருக்கிறது என்று பாருங்கள். சார்ஜென்ட்டிடம் கட்டடத்தின் கோடு சுத்தமாக இருக்கும். இலை, தண்ணீர், நிழல் வரும்போது தூரிகை கோட்டைக் கண்டுகொள்ளாமல் ஓடும்.

9. வெள்ளை பெயின்ட் இல்லாம அலை நுரை, படகுப் பாய், தூண்டில் கயிறெல்லாம் எப்படி வரைஞ்சாங்க?

கண்காட்சியில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் வழி, தாளை விட்டுவைப்பது. படகுப் பாயைச் சுற்றி வானத்தைப் பூசினால் பாய் தானே வந்து நிற்கும். விட்டுவைத்த வெள்ளைக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். வண்ணம் அங்கே வந்து தேங்கிக் காய்ந்ததால் ஓரத்தில் மெல்லிய கருங்கோடும் தெரியும்.

இரண்டாவது, எடுத்துவிடுவது. காய்ந்த பூச்சின்மேல் ஈரத் தூரிகையால் வேண்டிய வடிவத்தை நனைத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, துணியாலோ உறிஞ்சுதாளாலோ ஒற்றி எடுப்பார்கள். விளிம்பு மங்கலாக வரும். மேகம், மூடுபனி, தண்ணீரில் விழும் ஒளி எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். எல்லா நிறமும் இதற்கு ஒத்துழைக்காது. பிரஷ்யன் நீலம் தாளுக்குள் கறையாக இறங்கிவிடும். எவ்வளவு ஒற்றினாலும் நீலச் சாயல் மிஞ்சும்.

மூன்றாவது, கத்தி. ஹோமரின் அடிரான்டாக் மீன்பிடிப் படங்களில் காற்றில் வளைந்து போகும் தூண்டில் கயிற்றைப் பாருங்கள். காய்ந்த வண்ணத்தின் மேல் கத்தி முனையால் கீறி, அடியிலிருந்த தாளை வெளியே கொண்டுவந்திருக்கிறார். கை நடுங்கினால் படம் போச்சு. நேரே நின்றால் அது வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால் தாளின் நார் சற்றே எழும்பியிருப்பது தெரியும். ஜெலட்டின் பூச்சு உள்ள தாளில்தான் இது சுத்தமாக வரும். சுரண்டிய இடத்தில் அந்தப் பூச்சு போய்விடுவதால், மறுபடி வண்ணம் வைத்தால் திட்டாக உறிஞ்சிப் பரவும். ஆகவே கத்தி வேலை கடைசியில்தான்.

நான்காவது, மெழுகு. சார்ஜென்ட் நிறமற்ற மெழுகைத் தாளில் தேய்த்துவிட்டு மேலே பூசுவார். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் உடைந்து நிற்கும். பாறை, காய்ந்த புல், மண்சுவர் போன்ற சொரசொரப்புகளில் தேடுங்கள்.

10. ஆனா சில படத்துல கெட்டியா வெள்ளை வெச்சிருக்காங்களே. அது ஏமாத்து வேலை இல்லையா?

அப்படி நினைக்கும் தூய்மைவாதிகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அருங்காட்சியகச் சுவரில் இருக்கும் பெரிய பெயர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் 'சைனீஸ் ஒயிட்' என்ற துத்தநாக வெள்ளையை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு கெட்டி வெள்ளை எளிதாயிற்று. சார்ஜென்ட் தாராளமாகப் பயன்படுத்தினார்.

அதற்கு முன் புழங்கிய ஈய வெள்ளைக்கு ஒரு குணக்கேடு உண்டு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கறுத்துவிடும். பழைய படத்தில் ஒளி மின்ன வேண்டிய இடத்தில் சாம்பல் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

11. சார்ஜென்ட் பிறந்தது இத்தாலியில, வாழ்ந்தது லண்டன்ல. வரைஞ்சது வெனிஸ். அவரை எப்படி அமெரிக்கக் கண்காட்சியில சேக்கறாங்க?

1856-இல் ஃபிளாரன்ஸில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர்; கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமையை விடவில்லை. அது சட்டக் காரணம். நடைமுறைக் காரணம் 7-ஆம் பதிலில் இருக்கிறது: அவருடைய சிறந்த நீர்வண்ணங்களின் பெரும் தொகுதிகளை அமெரிக்க அருங்காட்சியகங்கள் மொத்தமாக வாங்கிவிட்டன. அமெரிக்க மண்ணிலும் வரைந்தார். 1917-இல் புளோரிடாவில் சேற்றில் கிடக்கும் முதலைகளை வரைந்த படம் வூஸ்டர் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. "அமெரிக்க நிலக்காட்சி" என்று கறாராகத் தலைப்பு வைத்த கண்காட்சியில் வெனிஸ் படங்களை மாட்டினால், கேள்வி கேட்பது நியாயம்தான்.

12. தாமஸ் மோரன் படத்தைப் பாத்துட்டுத்தான் யெல்லோஸ்டோனை தேசியப் பூங்கா ஆக்கினாங்கன்னு கைடு சொன்னார். நிஜமா?

பாதி நிஜம். 1871-இல் ஹேடன் தலைமையில் போன அரசு நில ஆய்வுக் குழுவோடு மோரன் போனார்; புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் கூட இருந்தார். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் காட்ட முடியாத மஞ்சள் பாறையையும் வெந்நீர் ஊற்றின் நிறங்களையும் மோரனின் நீர்வண்ணங்கள் காட்டின. இரண்டும் சேர்ந்து வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பார்வைக்குப் போயின. 1872 மார்ச் 1 அன்று சட்டத்தில் குடியரசுத் தலைவர் கிரான்ட் கையெழுத்திட்டார்.

ரயில் கம்பெனிக்காரர்களின் அக்கறையும் பின்னால் இருந்தது. மோரனின் பயணத்துக்குக் கடன் கொடுத்ததே நார்தர்ன் பசிஃபிக் ரயில்வேயின் நிதியாளர் ஜே குக். பலரும் குழப்பிக்கொள்வது இன்னொன்று: நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கிய அந்தப் பிரமாண்டமான பள்ளத்தாக்குப் படம் தைல ஓவியம். அதை வாங்கியது சட்டம் வந்த பிறகுதான்.

13. மாரின், ஓ'கீஃப் படமெல்லாம் என் பொண்ணு கிறுக்கின மாதிரி இருக்கு. என்ன விசேஷம்?

முந்தைய அறைகளைப் பார்த்த கையோடு இங்கே வந்தால் அப்படித்தான் தோன்றும். ஜான் மாரின் 1914 முதல் மெய்ன் மாநிலக் கடற்கரையை வரைந்தார். தாளில் பாதி வெறுமையாக இருக்கும். படத்துக்குள்ளேயே முறிந்த கோடுகளால் ஒரு சட்டம் போட்டிருப்பார். தீவும் அலையும் ஒன்றையொன்று இழுக்கும் விசையை வரைவதுதான் அவர் நோக்கம். கோடுகளின் சாய்வை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஜார்ஜியா ஓ'கீஃப் 1916 முதல் 1918 வரை டெக்சஸில் கேன்யன் என்ற சிற்றூரில் ஆசிரியை. 1917-இல் அங்கே அவர் வரைந்த, சமவெளியில் விடியும் ஒளி பற்றிய மூன்று படங்கள் ஃபோர்ட்வொர்த்தின் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வளைவு வளைவாக நீலம், அவ்வளவுதான். ஈரம் காயும் முன் அடுத்த வளையம் சேர்ந்தால் இரண்டும் கலந்து பாழாகும். எங்கே கலக்கவிட்டார், எங்கே மயிரிழை இடைவெளி விட்டுத் தப்பினார் என்று பார்த்தால் கிறுக்கல் என்ற எண்ணம் போய்விடும். உங்கள் பெண்ணையும் ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

14. பர்ச்ஃபீல்ட் படத்துக்கு 1917–43ன்னு போட்டிருக்கு. ஒரு படத்துக்கு 26 வருஷமா?

அச்சுப்பிழை இல்லை. சார்லஸ் பர்ச்ஃபீல்ட் (1893–1967) இளமையில் வரைந்த சிறிய படங்களை 1940-களில் மறுபடி எடுத்தார். பழைய தாளைச் சுற்றிப் புதிய தாள்களை ஒட்டி, படத்தை வெளிப்புறமாக வளர்த்தார். நீர்வண்ணத்தில் இவ்வளவு பெரிய படங்கள் எப்படி வந்தன என்பதற்கும் அதுவே விடை. பக்கவாட்டில் நின்றால் ஒட்டுத் தெரியும். உள்ளே இளைஞனின் கை, வெளியே நடுவயதுக்காரரின் கை. அவர் படங்களை ஒரே இடத்தில் நிறையப் பார்க்க வேண்டுமென்றால் பஃபலோவில் அவர் பெயரிலேயே இருக்கும் கலை மையத்துக்குப் போகலாம்.

15. நாம பாக்குற நிறம்தான் அவங்க பூசின நிறமா?

எப்போதும் அல்ல. சிகாகோ கலை நிறுவனத்தில் ஹோமரின் 1887-ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு: வயலில் நிற்கும் பண்ணைச் சிறுவன், பின்னால் ஏறக்குறைய வெறும் வெள்ளை வானம். ஏதோ நடுப்பகல் மாதிரி இருக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கியிலும் ராமன் நிறமாலை முறையிலும் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளைக் கண்டுபிடிப்பது) சோதித்தபோது, அந்த வானத்தில் மஞ்சிட்டிவகைச் சிவப்புச் சாயத்தின் துணுக்குகள் அகப்பட்டன. அது அந்திவானம், ஒளி தின்றுவிட்டது. பையன் எதைப் பார்த்து நிற்கிறான் என்பதே அதற்குப் பிறகுதான் புரிகிறது.

எந்தெந்த நிறம் ஓடிவிடும் என்பது அப்போதே ஓரளவு தெரியும். 1888-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், அப்னி இருவரும் நீர்வண்ணங்கள்மீது ஒளி என்ன செய்கிறது என்று முறையாகச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். கார்மைன் போன்ற பூச்சிச் சாயங்களும், அவுரி நீலமும், தாவரச் சிவப்பு மஞ்சள்களும் பலவீனமானவை. காவி, அம்பர் போன்ற மண் நிறங்கள் அசையாமல் நிற்கும். நீலமும் மஞ்சளும் கலந்த பச்சையில் மஞ்சள் மட்டும் போய்விட்டால் மரங்கள் நீலமாக நிற்கும். அப்படி ஒரு காட்டைப் பார்த்தால், ஓவியரின் கற்பனை என்று புகழ்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். படச்சட்டத்தின் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரப்பகுதியில் பழைய நிறம் பல நேரம் தப்பியிருக்கும். பழுதுபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அங்கேதான்.

16. பையன் அங்கேயே உக்காந்து வரையலாமா?

பென்சிலும் சிறிய நோட்டும் பெரும்பாலான இடங்களில் அனுமதி. பேனா, மார்க்கர், தண்ணீர் எதுவும் கூடாது. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். திரும்பும்போது சுவரில் இடிக்கும் என்ற பயம்தான்.

17. எங்க வீட்டுலயும் நல்ல வாட்டர்கலர் ஒண்ணு இருக்கு. எப்படி மாட்டணும்?

ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். சமையலறை, குளியலறைச் சுவர் வேண்டாம். மழையில் ஈரம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். சட்டம் போடும் கடையில் அமிலமற்ற பருத்தி அட்டை கேளுங்கள். மலிவான மரக்கூழ் அட்டை சில ஆண்டுகளில் படத்தின் விளிம்போரம் பழுப்புக் கோடு போட்டுவிடும். படம் கண்ணாடியைத் தொடாமல் இருக்க, நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம் வேண்டும். செல்லோடேப் கூடவே கூடாது. மேல் விளிம்பில் மட்டும், ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிந்து நெளியும்.

புறஊதாத் தடுப்புக் கண்ணாடி நல்லதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளிறச் செய்யும் என்பதால் அதை நம்பி வெயிலில் மாட்ட முடியாது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும். தாளின் ஜெலட்டினையும் பசையையும் தேடி இராமபாணப் பூச்சி வரும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். புள்ளி தெரிந்தால் நீங்களே துடைக்கவோ வெளுக்கவோ முயல வேண்டாம்.

18. பழைய சாமான் கடையில 'ஹோமர்'னு கையெழுத்துப் போட்ட படம் ஒண்ணு கிடைச்சுது. ஒரிஜினலா இருக்குமா?

பெரும்பாலும் அச்சு. பாஸ்டனில் லூயி பிராங் என்பவரின் அச்சகம் நீர்வண்ணங்களைப் பல அச்சுக் கற்களில் வண்ண வண்ணமாக அச்சடித்து விற்றது. 1876-இல் மோரனின் யெல்லோஸ்டோன் படங்களை அப்படி வெளியிட்டது. ஹோமரின் படங்களையும் அச்சிட்டது. தாளில் சொரசொரப்பு ஏற்றுவது, கையெழுத்தையும் சேர்த்து அச்சடிப்பது எல்லாம் அன்றைய வேலைத்திறன். கையெழுத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். வரிசையாக ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் நவீன அச்சு. பல நிறத்தில் ஒழுங்கற்ற குறுணைப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தால் பழைய கல்லச்சு. புள்ளியே இல்லாமல், நிறமித் துகள் தாளின் பள்ளங்களில் படிந்திருந்து, பூச்சின் ஓரத்தில் கருங்கோடு இருந்து, அடியில் பென்சில் மினுங்கினால் கையால் வரைந்தது. வரைந்தது யார் என்பது வேறு கேள்வி. நகல் எடுத்துப் பழகியவர்கள் ஏராளம். 9-ஆம் பதிலில் சொன்ன கத்திக் கீறல் இருந்தால் அதையும் லென்ஸில் பாருங்கள்: உண்மையான கீறலில் நார் கிழிந்திருக்கும், அச்சில் அது தட்டையான வெள்ளைக் கோடாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் தேறினால் சட்டத்தைக் கழற்றாமல், முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றையும் படமெடுத்து, தாள் படைப்புகளுக்கென்று உள்ள பழுதுபார்ப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். அருங்காட்சியகங்கள் பொதுவாக விலைமதிப்புச் சொல்வதில்லை. அதற்கு ஏல நிறுவனத்துக்கோ மதிப்பீட்டாளரிடமோதான் போக வேண்டும்.